நலமுள்ள பிள்ளையையும் அளந்து பார்க்க வேண்டும்

பெரும்போக அறுவடை முடிந்திருந்த நாட்களில், இடம்பெயர்ந்த குடும்பங்கள் குடியிருக்கும் ஒரு கிராமத்துக்கு நாம் சென்றிருந்தோம். விதைநெல் சேமிப்புப் பற்றிய கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், ஒரு தாய் மட்டும் தயங்கி நின்றார். அவரது கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. அதற்குள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், பங்கீட்டு அட்டை ஆகியவற்றோடு மடித்து வைக்கப்பட்ட ஒரு நீண்ட கடதாசியும் இருந்தது. சிவப்புக் கட்டங்கள் போட்ட அந்தக் கடதாசியில் மேலும் கீழுமாகக் கோடுகள் ஓடின. அது அவரது ஒன்பது வயது மகனின் ஈ.சி.ஜி.

“பிள்ளைக்கு இதயத்தில ஏதோ பழுதெண்டு இதில அடிச்சிருக்குது, ஐயா. மூண்டு மாதமா ஓட விடேல்லை, பந்தடிக்க விடேல்லை. பள்ளிக்கூடத்துக்கும் ஒழுங்கா அனுப்பேல்லை. இப்ப பெரிய ஆஸ்பத்திரியில பிள்ளையளின்ர டொக்டர் பாத்திட்டு, ஒண்டுமில்லை, இது பிள்ளையளுக்கு இப்பிடித்தான் இருக்கும் எண்டு சொல்லுறார். அப்ப இந்தக் கடதாசி பொய் சொன்னதோ?”

காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் என்று நகரத்தில் ஓரிடத்தில் அந்தப் பதிவு எடுக்கப்பட்டிருந்தது. கடதாசியின் மேல் மூலையில் பெயருக்கும் வயதுக்குமான இடம் வெறுமையாக இருந்தது. பிறந்த திகதி கொடுக்கப்படாவிட்டால் பல இயந்திரங்கள் தம் முன் படுத்திருப்பவர் வளர்ந்தவர் என்றே எடுத்துக்கொண்டு கணிக்கின்றன. ஒன்பது வயதுப் பிள்ளையின் இதயம் வளர்ந்தவரின் அளவுகோலால் அளக்கப்பட்டது. கடதாசி பொய் சொல்லவில்லை. அதை வாசித்த அளவுகோல்தான் பிழை.

அந்தத் தாயின் கேள்வியை இங்கே எல்லோர் முன்னும் வைக்க விரும்புகிறோம். ஒரு பிள்ளையின் இதயம் இயல்பாக இயங்குகிறது என்பதை நாம் எப்படி அறிகிறோம்? ‘இயல்பு’ எது என்று சொல்பவர் யார்? எந்தப் பிள்ளைகளை அளந்து அது சொல்லப்படுகிறது? இவை வைத்தியர்களுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. பிள்ளை பெற்ற ஒவ்வொருவருக்கும் உரியவை.

கடதாசியில் எழுதப்படுவது என்ன?

இதயம் ஒரு தசை. அது சுருங்குவதற்கு முன்னர் சிறியதொரு மின்தூண்டல் அதனுள் பரவுகிறது. வலது மேலறையின் மேற்பகுதியில் தொடங்கும் அத்தூண்டல் முதலில் மேலறைகள் இரண்டையும் சுருங்கச் செய்கிறது. பின்னர் நடுவிலுள்ள ஒரு முடிச்சில் சற்றுத் தாமதிக்கிறது. குளத்துத் துருசில் நீர் ஒரு கணம் தங்கி வாய்க்காலில் இறங்குவது போன்றது இது. அந்தத் தாமதத்துக்குள் மேலறைகளின் இரத்தம் கீழறைகளை நிரப்பிவிடும். அதன்பின் தூண்டல் விரைந்து இறங்கிக் கீழறைகளைச் சுருக்குகிறது. இரத்தம் சுவாசப்பைகளுக்கும் உடலுக்கும் போகிறது. பிறகு இதயம் அடுத்த துடிப்புக்காகத் தன்னை மீட்டுக்கொள்கிறது.

இந்த மின்மாற்றத்தைத் தோலின் மேலிருந்து கேட்டு எழுதுவதுதான் ஈ.சி.ஜி. இயந்திரத்தின் வேலை. மேலறைகளின் தூண்டல் பி அலை. கீழறைகளின் தூண்டல் கியூ.ஆர்.எஸ். எனப்படும் கூரிய முனை. இதயம் மீளும்போது எழுவது ரி அலை. பி அலை தொடங்கியதிலிருந்து கூரிய முனை தொடங்கும் வரையுள்ள நேரம் பி.ஆர். இடைவெளி எனப்படும். துருசில் நீர் தங்கிய நேரமும் இதற்குள் அடங்கும்.

கடதாசி வழக்கமாகச் செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் வேகத்தில் ஓடும். ஆகவே ஒரு சிறு கட்டம் 0.04 செக்கன். உயரத்தில் 10 மில்லிமீற்றர் என்பது ஒரு மில்லிவோல்ற்று. ரோச் லைற்றுக்குப் போடும் சாதாரண பற்றரி 1.5 வோல்ற்று, அதாவது 1500 மில்லிவோல்ற்று. எனவே இயந்திரம் கேட்பது மிக மெல்லிய ஓசையையே. அந்தப் பதிவின்போது பிள்ளையின் உடலுக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. கைகால்களில் நான்கும் மார்பில் ஆறுமாகப் பத்து ஒட்டிகள் பூட்டப்படும். பிள்ளை சில நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் போதும். ‘கறண்ட் பிடிக்கிறார்கள்’ என்று பிள்ளையைப் பயப்படுத்துவது வீண். அழுகின்ற பிள்ளையின் பதிவு குழம்பிப் போகும். தாய் பக்கத்தில் நின்று கையைப் பிடித்திருப்பதே இதற்கான சிறந்த ஆயத்தம்.

மனித இதயத்தின் மின்னோட்டத்தை முதன்முதல் பதிந்து காட்டியவர் லண்டனில் பணிபுரிந்த ஒகஸ்ரஸ் வோலர். அது 1887ஆம் ஆண்டு. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் அதைத் துல்லியமாகப் பதியும் கருவியைச் செய்தார். அது சுமார் 270 கிலோ நிறையுடையது. அதை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. பரிசோதிக்கப்படுபவர் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் அமிழ்த்தியபடி இருக்க வேண்டும். 1924 இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. இன்று அந்த இயந்திரம் ஒரு கைப்பையில் அடங்குகிறது. ஆனால் இயந்திரம் கோட்டை மட்டுமே எழுதித் தரும். அந்தக் கோடு நல்லதா கெட்டதா என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும்.

பிள்ளை சிறிய வளர்ந்தவர் அல்ல

தாயின் வயிற்றிலிருக்கும் சிசு தன் சுவாசப்பைகளால் மூச்சு விடுவதில்லை. அக்காலத்தில் இதயத்தின் வலது கீழறைக்கே வேலை அதிகம். ஆகவே பிறக்கும்போது வலப்பக்கத் தசை தடித்திருக்கும். பிறந்து மூச்செடுத்த பின்னர் இடது கீழறை உடல் முழுவதற்குமான பொறுப்பை ஏற்றுப் படிப்படியாகத் தடிக்கிறது. இந்தக் கைமாற்றம் முழுவதும் ஈ.சி.ஜி. கடதாசியில் தெரியும். புதிதாய்ப் பிறந்த குழந்தையின் பதிவு வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அதே சாய்வு நாற்பது வயதுக்காரரிடம் காணப்பட்டால் வைத்தியர் காரணம் தேடத் தொடங்குவார்.

ஒரு மாதக் குழந்தையின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 150 தடவை துடிக்கலாம். பத்து வயதில் அது 80, 90 அளவுக்கு இறங்கிவிடும். மூச்சை உள்ளே எடுக்கும்போது துடிப்பு விரைவதும் வெளியே விடும்போது தாமதிப்பதும் நலமுள்ள பிள்ளைகளிடம் சாதாரணமாகக் காணப்படும். ‘துடிப்பு ஒழுங்கில்லை’ என்று கேட்டதும் நெஞ்சிடிந்து போகும் பெற்றோருக்கு இதை யாரேனும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

வலது மார்பில் எடுக்கப்படும் பதிவில் ரி அலை பிறந்த முதல் சில நாட்களில் மேல்நோக்கி இருக்கலாம். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது கீழ்நோக்கித் திரும்பி, பிள்ளைப் பருவம் நெடுகிலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பதின்ம வயதை ஒட்டி மறுபடியும் மேல்நோக்கத் தொடங்கும். வளர்ந்தவரின் மார்புப் பதிவுகள் சிலவற்றில் தொடர்ந்து காணப்படும் கீழ்நோக்கிய ரி அலை ஆராயப்பட வேண்டியது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் அதுதான் இயல்பு. மாறாக, அந்த வயதில் வலது மார்புப் பதிவின் ரி அலை மேல்நோக்கி நின்றால், வலது கீழறை அதிகம் உழைக்கிறதோ என்று வைத்தியர் யோசிப்பார். ஒரே கோடுதான். வயது மாறப் பொருளும் தலைகீழாகிறது.

நாம் கண்ட சிறுவனுக்கு நடந்தது இதுதான். அவனது ரி அலை கீழ்நோக்கியிருந்தது. வயது தெரியாத இயந்திரம் அதைக் குறையென்று அச்சிட்டது. மூன்று மாத விளையாட்டும் பல நாட் படிப்பும் அவனிடமிருந்து பறிபோயின.

இன்னொரு பக்கமும் உண்டு. அது இதைவிடப் பாரதூரமானது. வளர்ந்தவருக்குப் பி.ஆர். இடைவெளி 0.20 செக்கன் வரை இருக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு அது இதிலும் குறுகியது. ஏழு வயதுப் பிள்ளைக்கு 0.19 செக்கன் என்று வந்தால், வளர்ந்தவர் அளவுப்படி அது ‘சரி’. பிள்ளைகளின் அளவுப்படி அது நீண்டுவிட்டது. இவ்வாறு நீளக்கூடிய காரணங்களுள் ஒன்று றுமற்றிக் காய்ச்சல் எனப்படும் வாதக் காய்ச்சல். தொண்டைப்புண்ணுக்குப் பின்னர் மூட்டுகளில் நோவும் வீக்கமும் தந்து, இதய வால்வுகளைக் கெடுத்துவிடும் நோய் அது. நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களில் அந்தத் தொண்டைத் தொற்று எளிதில் பரவும். ஒரு கூடாரத்தில் இரண்டு குடும்பங்கள் படுத்தெழும்பிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. அந்நோயைக் கண்டறிய வைத்தியர்கள் 1944ஆம் ஆண்டு முதல் பயன்படுத்திவரும் ஜோன்ஸ் விதிகளில் நீண்ட பி.ஆர். இடைவெளியும் ஓர் அடையாளம். வயதுக்கேற்ப அதைக் கணிக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் திருத்தம் சொல்கிறது. நேரத்தோடு கண்டுபிடித்தால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியால் நோய் மீண்டும் வராமல் தடுத்து வால்வுகளைக் காக்கலாம்.

ஆக, பொருந்தாத அளவுகோல் நலமுள்ள பிள்ளையை நோயாளியாக்கலாம். நோயுள்ள பிள்ளையை நலமுள்ளவனாகவும் காட்டலாம்.

அளவுகோல் செய்யப்பட்ட விதம்

பிள்ளைகளுக்கான அளவுகோல் எப்படிக் கிடைத்தது? நலமுள்ள பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் அளந்துதான் கிடைத்தது. வேறு வழியில்லை.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டேவினியோன் என்பவரும் அவரது குழுவினரும் பிறந்த குழந்தை முதல் 16 வயது வரையான 2141 நலமுள்ள பிள்ளைகளின் ஈ.சி.ஜி.யைப் பதிந்து, வயது வாரியாக அட்டவணை செய்தனர். 1980ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த அந்த அட்டவணை நாடுகள் கடந்து பாடநூல்களில் ஏறியது. இன்றும் பலர் அதையே எடுத்துப் பார்க்கின்றனர்.

அந்த அட்டவணையின் உள்விதி எமது கமக்காரருக்கு எளிதில் புரியும். விதைக்க முன்னர் நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் முளைக்கப் போட்டுப் பார்ப்பவர்கள் நாங்கள். அதுபோல ஒரே வயதுள்ள நூறு நலமான பிள்ளைகளை ஓர் அளவின்படி வரிசையில் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். மிகக் குறைந்த அளவுள்ள இருவரையும் மிகக் கூடிய அளவுள்ள இருவரையும் ஓரமாக விட்டால், நடுவில் நிற்கும் 96 பேரின் எல்லைகளே ‘இயல்பு வரம்பு’ எனப்படுகின்றன. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஓரத்தில் விடப்பட்ட நால்வரும் நலமுள்ள பிள்ளைகளே. வரம்புக்கு வெளியே ஓர் அளவு வந்துவிட்டது என்பதால் மட்டும் பிள்ளை நோயாளி ஆகிவிடாது. ஒரு கடதாசியில் எத்தனையோ அளவுகள் உள்ளன. எல்லாவற்றையும் பார்த்தால் நலமான பிள்ளையிடமும் ஏதாவது ஒன்று வரப்புத் தாண்டி நிற்கக்கூடும். கடதாசியோடு பிள்ளையையும் பார்க்கும் வைத்தியரே இதைத் தீர்மானிக்க முடியும்.

கியூபெக் அட்டவணைக்கு இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, இயந்திரம் பற்றியது. அக்காலத்துக் கணினி செக்கனுக்கு 333 தடவை மட்டுமே மின்னளவை எடுத்தது. குழந்தையின் கூரிய முனை மிக விரைவாக எழுந்து விழுவது. இரண்டு அளவெடுப்புகளுக்கு இடையில் அதன் உச்சி தப்பிவிடலாம். நெதர்லாந்தில் ரைன்பேக் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் பிள்ளை நலநிலையங்களிலும் பாடசாலைகளிலும் 1912 நலமுள்ள பிள்ளைகளைச் செக்கனுக்கு 1200 தடவை அளவெடுக்கும் கருவியால் பதிந்தனர். அவர்களுள் ஆகச் சிறியது பிறந்து 11 நாளான குழந்தை. ஆக மூத்தவர்கள் 16 வயதினர். 2001 இல் வெளியான அந்த முடிவில், அலை உயரங்களின் மேல்வரம்பு பல இடங்களில் பழைய அட்டவணையிலும் உயர்ந்திருந்தது. அதாவது, பழைய அளவுப்படி ‘அதிக உயரம்’ என்று சந்தேகிக்கப்பட்ட சில பிள்ளைகள் உண்மையில் இயல்பானவர்களே.

இரண்டாவது குறை, பிள்ளைகள் பற்றியது. கியூபெக்கில் அளக்கப்பட்ட 2141 பேரும் வெள்ளை இனப் பிள்ளைகள். அவர்களின் பெற்றோர் செய்தது பெரும் உபகாரம். எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் அதனால் பயனடைந்தனர். ஆனால் ஒரு நாட்டில் ஓர் இனத்துப் பிள்ளைகளிடம் எடுத்த அளவு எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தும் என்பது அளந்து காட்டப்பட வேண்டியது. ஊகித்துக்கொள்ளக் கூடாதது. வட அமெரிக்காவில் இதயப் பரிசோதனை சரியென்று உறுதியான 2400 பிள்ளைகளின் பதிவுகளை வெவ்வேறு இனம், வயது, ஆண், பெண் என்று பிரித்து ஆராய்ந்து 2018 இல் வெளியிட்டனர். சில அளவுகளில் வேறுபாடுகள் தெரிந்தன. யப்பானில் 1973 முதல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதயப் பரிசோதனை சட்டப்படி நடக்கிறது. அங்கே ககோஷிமா என்ற இடத்தில் அவ்வாறு சேர்ந்த பதிவுகளிலிருந்து 48,401 பிள்ளைகளின் அளவுகள் தொகுக்கப்பட்டு 2018 இல் வெளிவந்தன. தமது பிள்ளைகளின் இயல்பைத் தாமே அளந்துகொண்டார்கள்.

எமது தாய்மாருக்கு இதே போன்ற வேறொரு கதையும் தெரிந்திருக்க வேண்டும். கிளினிக்கில் பிள்ளையை நிறுத்து அட்டையில் கோடு கீறுகிறார்களே, அந்தக் கோடுகளுக்கு ஆதாரமாக உலகம் முன்னர் பயன்படுத்திய அளவு ஐக்கிய அமெரிக்கப் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்டது. பின்னர் உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8500 பிள்ளைகளை அளந்து, 2006 இல் புதிய அளவை வெளியிட்டது. நிறைக்கும் உயரத்துக்கும் செய்த அந்த முயற்சி இதயத்துக்கும் வேண்டும் என்பதே எமது கருத்து.

நோயாளிக்கே போதாதபோது நலமுள்ளவருக்கு ஏன்?

இந்தக் கேள்வி எழும் என்று எமக்குத் தெரியும். அது நியாயமான கேள்வியும்கூட. வைத்தியசாலையில் விடியற்காலை தொடங்கி வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தபின், ஓடி விளையாடும் பிள்ளையைக் கூட்டிவந்து இயந்திரத்தில் பூட்டுவது ஆடம்பரமாகத் தோன்றலாம்.

ஆனால் மழை பெய்யாத வருடத்தில் மட்டும் மழையளவைக் குறித்து வைப்பவர் யார்? நல்ல வருடங்களின் மழை எழுதப்பட்டிருந்தால்தான் இந்த வருடத்தின் குறைவு எவ்வளவு என்று தெரியும். நோயாளிகளை மட்டும் அளந்துகொண்டிருந்தால், நோய் எங்கே தொடங்குகிறது என்று ஒருநாளும் தெரியவராது.

இத்தாலியில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 1976 முதல் 1994 வரை 34,442 பச்சிளங் குழந்தைகளுக்குப் பிறந்த மூன்றாம் அல்லது நான்காம் நாளில் ஈ.சி.ஜி. எடுத்து, ஒரு வருடம் கவனித்து வந்தனர். காரணம் தெரியாமல் தூக்கத்தில் திடீரென்று இறந்த குழந்தைகள் 24. முடிவுகள் 1998 இல் வெளியானபோது, அந்த 24 பேரில் 12 பேருக்குக் கியூ.ரி. இடைவெளி, அதாவது இதயம் மின்தூண்டலிலிருந்து மீள எடுக்கும் நேரம், நீண்டிருந்தது தெரியவந்தது. இடைவெளி நீண்டிருந்த மற்றக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே வளர்ந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறந்த பின்னர் எந்த இயந்திரத்தாலும் இதை அளந்திருக்க முடியாது. நலமாகத் தெரிந்த நாளில் எடுத்த பதிவுதான் பேசியது.

எமது நிபந்தனைகள்

நலமுள்ள பிள்ளைகளை அளக்க வேண்டும் என்று சொல்லும் நாம், எப்படியாவது அளந்தால் சரி என்று சொல்லவில்லை. இடம்பெயர்ந்த மக்கள் எத்தனையோ தடவை எண்ணப்பட்டவர்கள். எத்தனை படிவங்கள், எத்தனை கையொப்பங்கள்! எழுதிக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்து ‘உங்களிடம் கேட்டறிந்தது இதுதான்’ என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? அந்தக் கசப்பு நியாயமானது. ஆகவே இவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவது, சம்மதம். ஏன் எடுக்கிறோம், என்ன செய்வோம் என்பதைத் தாய்தந்தையருக்குத் தமிழில், அவர்களுக்கு விளங்கும் சொற்களில் சொல்ல வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்க வேண்டும். அப்படிச் சொன்னதற்காக நிவாரணமோ கிளினிக் சேவையோ ஒருபோதும் குறையக் கூடாது. விளங்கும் வயதுள்ள பிள்ளையிடமும் கேட்க வேண்டும். மார்பில் ஒட்டிகள் பூட்டப்படுவதால் பெண்பிள்ளைகளுக்குப் பெண் ஊழியரும் மறைவான இடமும் கட்டாயம்.

இரண்டாவது, பதில். எடுத்த பதிவின் பிரதியும் அதன் முடிவும் குடும்பத்துக்குத் தரப்பட வேண்டும். எதிர்பாராமல் ஏதாவது குறை தெரிந்தால், ‘உங்கள் பிள்ளைக்கு இப்படி உள்ளது’ என்று சொல்லிக் கைவிட்டுப் போவது கொடுமை. எந்த வைத்தியசாலையில், யாரிடம், எந்த நாளில் காட்டுவது என்ற ஒழுங்கோடுதான் அந்தச் செய்தி வர வேண்டும். பஸ் காசுக்கும் வழி சொல்லப்பட வேண்டும்.

மூன்றாவது, நலமுள்ள பிள்ளை என்றால் யார் என்பது. இதுவே எமக்கு மிக முக்கியமானது. வருடக்கணக்காக அரைவயிற்றோடு வளர்ந்த பிள்ளைகளை அளந்து, ‘இவர்களின் இயல்பு இதுதான்’ என்று எழுதிவிட்டால், பசியே இயல்பாகிவிடும். இரத்தச்சோகை இதயத்தை விரைந்து துடிக்க வைக்கும். மெலிந்த மார்பில் அலைகள் உயர்ந்து தெரியும். உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சி அளவைச் செய்தபோது தாய்ப்பால் உண்டு, நல்ல சூழலில் வளர்ந்த பிள்ளைகளையே தெரிந்தெடுத்தது. பிள்ளைகள் எப்படி வளர முடியும் என்பதைக் காட்டுவதே அதன் நோக்கம். அதே விதி இங்கும் வேண்டும். எமது பிள்ளைகளுக்கு உரிய அளவுகோல் வேண்டும் என்று நாம் கேட்பது, எமது பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுகோல் போதும் என்பதற்காக அல்ல.

நாம் இன்றே செய்யக்கூடியவை

பெரிய ஆய்வுகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எமது கையில் உள்ளவை சில.

பிள்ளைக்கு ஈ.சி.ஜி. எடுக்கும்போது வயதையும் பிறந்த திகதியையும் தவறாமல் சொல்லுங்கள். அவை கடதாசியில் பதியப்பட்டனவா என்று பாருங்கள். காய்ச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். காய்ச்சல் துடிப்பைக் கூட்டும். இயந்திரம் அச்சிட்ட ஆங்கில வரியை வைத்து எவரும் முடிவு சொல்ல விடாதீர்கள். ‘இது என் பிள்ளையின் வயதுக்கு இயல்பானதா?’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல வைத்தியர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

ஈ.சி.ஜி. கடதாசிகள் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் வகையைச் சேர்ந்தவை. வெயிலும் சூடும் பட்டால் கோடுகள் மங்கி அழிந்துவிடும். ஆகவே ஒரு போட்டோப் பிரதி எடுத்து, கிளினிக் அட்டையோடு பொலித்தீனில் வையுங்கள். நலமாக இருந்த நாளில் எடுத்த பழைய பதிவு, பிற்காலத்தில் எடுக்கும் பதிவோடு ஒப்பிட வைத்தியருக்குப் பெரிய உதவி. எமது குடும்பங்கள் ஓடும்போது உறுதியையும் சான்றிதழ்களையும் காத்தன. பிள்ளையின் மருத்துவக் கடதாசியும் அந்தப் பையில் இடம்பெறத் தகுந்ததே.

‘கடதாசி பயப்படத் தேவையில்லை’ என்று நாம் சொன்னதை ‘பிள்ளையைக் கவனிக்கத் தேவையில்லை’ என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓடும்போதோ விளையாடும்போதோ பிள்ளை மயங்கி விழுந்தால், உதடும் நாக்கும் நீலம் பாரித்தால், குழந்தை பால் குடிக்கும்போதே களைத்து வியர்த்தால், தொண்டைப்புண்ணுக்குப் பின்னர் மூட்டுகள் வீங்கி நொந்தால், குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென்று இறந்திருந்தால், தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அந்தத் தாயின் கேள்விக்கு நாம் கொடுத்த பதிலையும் சொல்லிவிடுகிறோம். “அம்மா, கடதாசி பொய் சொல்லவில்லை. உங்கள் மகனின் வயதை ஒருவரும் அதற்குச் சொல்லவில்லை” என்றோம். அவர் சற்று யோசித்தார். “அப்ப அவனை ஓட விடலாமோ?” என்று கேட்டார். ‘டொக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரல்லவா, ஓட விடுங்கள்’ என்றோம். நாம் புறப்படும்போது அவன் அறுவடை முடிந்த வயலில் மற்றச் சிறுவர்களோடு பந்தடித்துக்கொண்டிருந்தான்.

வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில், யாரோ சில பெற்றோர் தமது நலமான பிள்ளைகளைச் சில நிமிடம் படுக்க வைத்ததால்தான் அந்த வைத்தியர் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல முடிந்தது. நாளை எமது பிள்ளைகளிடமும் அதையே கேட்டு யாரேனும் முறைப்படி வந்தால், எமது நிபந்தனைகளைச் சொல்லி, பதிலைக் கேட்டு வாங்கி, பின்னர் சம்மதிப்போம். அந்த அளவுகோலில் எமது பிள்ளைகளும் எண்ணப்பட வேண்டும்.